பின்னலை அவிழ்த்தால் பை நிறைய முடி வருகிறது

04.02.2025, கேள்வி

அக்கா, மகளுக்கு 9 வயது. தகப்பன் ஐவரி கோஸ்ட்காரர். பிள்ளையின் தலைமுடி முழுக்கத் தகப்பன் பக்கம், ஸ்பிரிங் மாதிரி இறுகின சுருள். நவம்பர் கடைசியில் பாரிஸில், ஷத்தோ தோவில், மெஷ் (சேர்த்துப் பின்னும் பொய்முடி) வைத்துப் பின்னியது. பத்துக் கிழமை கழித்து நேற்று அவிழ்த்தோம். குளியலறையில் நனைத்து, ஷாம்பூ போட்டு, சீப்பை வைத்தால் ஒரே சிக்கு. இழுத்தால் கொத்துக் கொத்தாக முடி. ஒரு சின்னப் பை நிறைந்துவிட்டது. பின்னல் போட்டால் முடி வளரும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இது கொட்டுகிறதே. இனிப் பின்னவே கூடாதா?

04.02.2025, இரவு 9.40

அந்தப் பையை எறிந்துவிடாதீர்கள், தங்கச்சி. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

நல்ல ஆரோக்கியமான தலையிலிருந்தே நாளுக்கு 50 முதல் 100 முடி தானாக உதிரும். தலையை விரித்து விட்டிருந்தால் அது சீப்பில், தலையணையில், குளியலறைத் துவாரத்தில் போய்விடும், கண்ணில் படாது. பின்னலுக்குள் உதிர்ந்த முடிக்கு வெளியே வர வழி இல்லை. வேரை விட்ட பிறகும் பின்னல் அதைப் பிடித்து வைத்திருக்கும். 70 நாளைக்கு நாளுக்கு 50 என்றாலே 3500. நூறு என்றால் 7000. அவிழ்க்கிற அன்று அவ்வளவும் ஒன்றாக வரும். ஆகவே பை நிறைந்தது ஒன்றே பயப்படக் காரணம் ஆகாது.

பையிலிருந்து 20 முடியைத் தனித்தனியே பிரித்து ஒரு கறுத்தத் துணியில் வையுங்கள். வெள்ளைக் கடதாசி வேண்டாம், அதில் முடி தெரியும், குமிழ் தெரியாது. ஒரு முனையில் குண்டூசி நுனியளவு வெளிறிய குமிழ் இருந்தால் அது காலம் முடிந்து தானாக உதிர்ந்த முடி. கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் இரண்டு விரல் நகங்களுக்கு நடுவில் வைத்து மெல்ல உருவுங்கள், அந்த இடத்தில் நகத்தில் தட்டும். குமிழ் இல்லை, நீளமும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் என்றால் அது நடுவில் முறிந்த துண்டு. 20இல் 15, 16க்குக் குமிழ் இருந்தால் பின்னல் ஒன்றும் செய்யவில்லை. பாதிக்கு மேல் துண்டுகள் என்றால் நேற்றுக் குளியலறையில் நடந்ததுதான் காரணம். அதை நாளை எழுதுகிறேன்.

05.02.2025, காலை 7.15

பிழை நடந்தது தண்ணீரில்.

இந்த வகை முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது, நாடா மாதிரிச் சற்றே தட்டையாக இருக்கும். மயிர்க்காலே வளைந்து இருப்பதால் முடி வெளியே வரும்போதே முறுக்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு வளைவும் முறியக்கூடிய ஓர் இடம். தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை நேர்முடியில் வழுக்கிக் கீழே போகிற மாதிரி இதில் நுனிவரை போய்ச் சேராது. அதனால் நுனி எப்போதும் வறட்சி.

பின்னலுக்குள் இருக்கும்வரை முடி நீட்டப்பட்டு இருக்கிறது. அவிழ்த்தவுடன் தண்ணீர் பட்டால் அது பழைய சுருளுக்குத் திரும்பும், பாதி நீளத்துக்கும் கீழே சுருங்கும். சுருங்கும்போது உள்ளே கிடக்கும் ஆயிரக்கணக்கான உதிர்ந்த முடிகளையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். அதன் மேல் ஷாம்பூ போட்டுக் கசக்கினால் கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்ட கதைதான், ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போய்விடும். பிறகு எந்தச் சீப்பை வைத்தாலும் உதிர்ந்த முடி உயிருள்ள முடியையும் பிடித்துக்கொண்டுதான் வரும்.

ஒழுங்கு இதுதான்: அவிழ், விரலால் பிரி, உதிர்ந்ததை எடு, சீப்பு, அதன் பிறகுதான் தண்ணீர். கழுவ அவசரம் வேண்டாம், அந்த அழுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தால் ஒன்றும் ஆகாது.

05.02.2025, மதியம்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார், அப்படியென்றால் முழுக்க உலர்ந்த முடியில் சீப்புப் போடலாமா என்று. இல்லை. நான் எழுதிய விதத்தில் அப்படி ஒரு அர்த்தம் வருகிறது, திருத்திக்கொள்கிறேன். வெறும் தண்ணீரில் நனைக்க வேண்டாம் என்பதுதான் சொல்ல வந்தது. வழுக்கல் கட்டாயம் வேண்டும். 200 மில்லிலீற்றர் தெளிப்பான் போத்தலில் மூன்று மேசைக்கரண்டி கொண்டிஷனர், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், மிச்சத்துக்கு இளஞ்சூடான தண்ணீர் விட்டுக் குலுக்கினால் பால் மாதிரி வரும். அந்தப் பாலை முடியின் மேல் பூச வேண்டும், ஊற வைக்கக் கூடாது. கையால் பிடித்தால் வழுக்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது.

05.02.2025, இரவு 11.05

அவிழ்ப்பதை முழுமையாக எழுதிவிடுகிறேன். அடுத்த முறைக்கு உதவும்.

நேரம்: ஒரு பின்னலுக்கு மூன்று நிமிடம் வையுங்கள். 60 பின்னல் என்றால் மூன்று மணித்தியாலம். பிள்ளைக்கு ஒரே இருப்பில் அவ்வளவு நேரம் இருக்க ஏலாது. சனிக்கிழமை தலையின் பின்பாதி, ஞாயிற்றுக்கிழமை முன்பாதி என்று பிரித்துவிடலாம். அவசரத்தில் கடைசிப் பத்துப் பின்னலில்தான் முடி போகும், முதல் பத்தில் இல்லை.

சாமான்: கத்தரிக்கோல், வால் சீப்பு, அகலப் பல் சீப்பு, கிளிப் எட்டு, மேலே சொன்ன பால், ஒரு பழைய துவாய், உதிர்ந்ததைப் போட ஒரு கிண்ணம். வால் சீப்பின் வால் உலோகமாக இருந்தால் முனை கூராக இல்லையா என்று உங்கள் உள்ளங்கையில் இழுத்துப் பாருங்கள். எங்கள் பாட்டிமார் சிக்கெடுக்க வைத்திருந்த சிணுக்கோலி செய்த வேலையைத்தான் இந்த வால் செய்கிறது. வீட்டில் ஒரு பழைய சிணுக்கோலி கிடந்தால் அதைவிட நல்ல கருவி கிடைக்காது.

பிடரியிலிருந்து தொடங்குங்கள், மேலே உள்ளதைக் கிளிப்பில் ஏற்றிவிடுங்கள். பின்னலின் கீழ்ப்பகுதி முழுக்க மெஷ்தான், அதை வெட்டலாம். சொந்த முடி முடியும் இடத்துக்கு 5 சென்ரிமீற்றர் கீழே வெட்டுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி வாலால் ஒவ்வொரு பின்னலாக நெகிழ்த்துங்கள். மெஷ் கழன்று வரும்போது ஒரே இழுவையில் உருவாதீர்கள். வேர் முடிச்சை விரலால் பிடித்துக்கொண்டு, மறுகையால் மெல்ல வெளியே எடுங்கள்.

இப்போது அடியைப் பாருங்கள். பத்துக் கிழமையில் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் புதுமுடி வந்திருக்கும். அந்தப் புதுமுடி பழைய பின்னலுக்குள் நுழைந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். எண்ணெய், செதில், ஜெல், தலையணைப் பஞ்சு, தூசு எல்லாம் சேர்ந்து இறுகினது. தொட்டால் மெழுகு மாதிரி, நகத்தால் கிள்ளினால் பொடியும். பிள்ளையின் முடி போவதும் நிற்பதும் இந்த அரைச் சென்ரிமீற்றரில்தான் இருக்கிறது. சீப்பை இதன் மேல் வைத்தால் வளையம் கழராது, அதற்குக் கீழே இருக்கும் முடி முறியும்.

செய்ய வேண்டியது: வளையத்தின் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நிமிடம் விடுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள், அழுக்கு மணி மணியாக உதிரும். பிறகு முடிக் கத்தையை இரண்டாகப் பிரித்து, எதிர் எதிர்ப் பக்கமாக மெல்ல அகட்டுங்கள். வளையம் நடுவில் விரியும். விரிந்த இடத்தில் உதிர்ந்த முடி நூல் மாதிரித் தொங்கும், அதை நுனிப்பக்கமாக உருவி எடுங்கள். இதற்குப் பிறகுதான் அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு சென்ரிமீற்றர் மேலே ஏறி, கடைசியில் வேர். முடிந்ததும் அந்தக் கத்தையைத் தளர்வாக முறுக்கிக் கிளிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிரித்ததையும் பிரிக்காததையும் ஒன்றாக விட்டால் திரும்பவும் சிக்கும்.

06.02.2025

கத்தரிக்கோல் பற்றி ஒரு எச்சரிக்கை. "சொந்த முடி முடியும் இடம்" என்று இலேசாக எழுதிவிட்டேன். அந்த இடத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். விரித்து விட்டால் எட்டுச் சென்ரிமீற்றராகத் தெரியும் முடி, பின்னலுக்குள் நீண்டு நிற்கும்போது பதினெட்டுக்கு மேலும் இருக்கும். "என் பிள்ளையின் முடி காதுவரைதானே" என்று காதுக்குக் கீழே வெட்டினவர்கள் சொந்த முடியையே வெட்டியிருக்கிறார்கள். பின்னும் அன்று, பின்னுவதற்கு முன் பிடரியிலும் உச்சியிலும் ஒரு கத்தையை நீட்டி அளந்து எழுதி வையுங்கள். மெஷும் முடியும் ஒரே கறுப்பு என்றால் இந்த அளவு இல்லாமல் கத்தரிக்கோலை எடுக்கவே வேண்டாம். முழுக்க அவிழ்த்தால் நேரம்தான் போகும்.

08.02.2025

பையைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள்: 20இல் 13க்குக் குமிழ், 7 துண்டு, துண்டுகளில் பெரும்பாலும் பிடரிப் பக்கம். எதிர்பார்த்ததுதான். பிடரி முடிதான் சட்டைக் கழுத்திலும் தலையணையிலும் தேய்வது. அங்கே சிக்கும் அதிகம், ஈரமாக இழுத்ததும் அங்கேதான் அதிகம்.

"வளரும்" என்ற பேச்சுக்கு ஒரு வார்த்தை. முடி வேரில் வளர்கிறது. இந்த வகைத் தலையில் மாதம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். பின்னல் வேருக்கு ஒன்றும் செய்யாது. தினமும் சீவுவதும் இழுப்பதும் நிற்பதால் நுனி தப்புகிறது, அவ்வளவுதான். எட்டுக் கிழமை தப்பிய நுனியை அவிழ்க்கும் ஒரே பின்னேரத்தில் முறித்துவிட்டால் கணக்கு பூச்சியம். பின்னியவர் திறமைசாலியா என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். அவிழ்க்கிறவரை ஒருவரும் விசாரிப்பதில்லை.

09.02.2025, ஞாயிறு

மேலே எழுதியது எல்லாம் சேர்ந்து, பின்னுவதில் ஒரு பிழையும் இல்லை, அவிழ்ப்பதில்தான் எல்லாம் என்று ஒலிக்கிறது. நேற்றிலிருந்து அது உறுத்துகிறது. முறிந்த முடி திரும்ப நீளும். வேரோடு இழுபட்டு இழுபட்டுச் செத்துப்போன மயிர்க்கால் திரும்ப வராது. அது நடப்பது பின்னுகிற கதிரையில்.

இழுவையால் வரும் சொட்டைக்கு மருத்துவத்தில் டிராக்ஷன் அலோபீசியா என்று பெயர். 1907இல் ட்ரெபிட்ஷ் என்ற மருத்துவர் முதலில் விவரித்தது கிரீன்லாந்துப் பெண்களிடம், இறுக்கி இழுத்துக் கட்டிய கொண்டையால் வந்ததை. ஆகவே இது ஆபிரிக்க முடிக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. இழுத்தால் எந்தத் தலையிலும் வரும். நெற்றியோரமும் காதோரமும்தான் முதலில் போகும், அங்கே முடி மெல்லியது.

பின்னி முடித்த அன்றே பார்க்க வேண்டியவை: புருவத்தை உயர்த்தச் சிரமப்படுகிறாளா. பின்னலின் அடியில் தோல் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கிறதா. வகிடு ஓரத்தில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளைப் பருக்கள் வருகின்றனவா. இரவு எந்தப் பக்கமும் தலையை வைத்துப் படுக்க ஏலாமல் இருக்கிறாளா. இதில் ஒன்று இருந்தாலும் அந்த வரிசையை அன்றே அவிழ்த்துவிடுங்கள். கொடுத்த காசைப் பார்க்க வேண்டாம். பரசெத்தமோல் கொடுத்து உறங்க வைக்கவும் வேண்டாம், வலி குறையும், இழுவை அப்படியே இருக்கும். "முதல் மூன்று நாள் வலிக்கத்தான் செய்யும்" என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற பொய்.

நெற்றியில் மெல்லிய பூனைமுடி ஒரு வரிசை நிற்க, அதற்குப் பின்னால் ஒரு விரல் அகலம் வெறிச்சென்று இருந்தால் அது இந்தச் சொட்டையின் அடையாளம். ஆரம்பமாக இருந்தால் இழுப்பதை நிறுத்தினாலே முடி வரும். வருடக்கணக்கானால் அந்த இடம் வழுவழுவென்று தழும்பாகிவிடும். தோல் மருத்துவரிடம் போக வேண்டியது அதற்கு முன்.

09.02.2025, சற்றுப் பிறகு

பின்னச் சொல்லும்போது என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள்.

முடிச்சு இல்லாத வகை, நாட்லெஸ், என்று சொல்லுங்கள். வழமையான பொக்ஸ் பின்னலில், அதாவது தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடும் பின்னலில், மெஷை வேரிலேயே முடிச்சுப் போட்டுத் தொடங்குவார்கள், முழுப் பாரமும் முதல் மில்லிமீற்றரிலிருந்தே தொங்கும். நாட்லெஸில் சொந்த முடியை மூன்று காலாகப் பிரித்துப் பின்னத் தொடங்கி, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் போன பிறகு மெஷைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். நேரம் கூட, காசும் கூட. வேர்ப்பக்கம் சீக்கிரம் தளர்ந்து கலைந்த மாதிரியும் தெரியும். தளர்வது நல்லதுக்குத்தான்.

கட்டம் ஒவ்வொன்றும் இரண்டரைச் சென்ரிமீற்றர் சதுரத்துக்குக் குறையாமல். அதில் இருக்கும் முடியின் தடிப்புக்கு மேல் மெஷ் போடக் கூடாது. நீளம் தோள்வரை போதும். மெஷ் பொதியில் கிராம் எழுதியிருக்கும்: 165 கிராம் கட்டு நான்கு போட்டால் 660 கிராம், அது ஒரு சின்னப் பிள்ளையின் கழுத்தில் நாள் முழுக்கத் தொங்கும். நெற்றியோரப் பூனைமுடியைப் பின்னலுக்குள் இழுக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள், அது வெளியே நிற்கட்டும். 9 வயதுக்கு ஆறு கிழமை உச்சம். மெஷ் இல்லாமல் வெறும் நத் கோலே, அதாவது தலையோடு ஒட்டி வரிசையாகப் போகும் பின்னல், பின்னினால் இரண்டு கிழமை. பத்துக் கிழமை பெரியவர்களுக்கே கூடுதல்.

11.02.2025

மெஷ் கடிக்கிறது, தலை அரிக்கிறது என்று வேறு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பின்னிய அன்றே தொடங்கும் அரிப்பு அழுக்கால் வருவதில்லை, மெஷின் மேல் இருக்கும் பூச்சால் வருவது. வாங்கிய மெஷைப் பின்னுவதற்கு முதல் நாள் கழுவுங்கள். ஒரு வாளியில் நான்கு லீற்றர் இளஞ்சூடான தண்ணீர், 250 மில்லிலீற்றர் வெள்ளை வினாகிரி. கட்டின் றப்பரைக் கழற்றாமல் அரை மணித்தியாலம் போடுங்கள். தண்ணீரின் மேல் வெள்ளைப் படலம் மிதக்கலாம், அதுதான் அந்தப் பூச்சு. இரண்டு தண்ணீரில் அலசி, கொடியில் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். பிழியவோ சீவவோ வேண்டாம்.

அதற்குப் பிறகும் தோல் சிவந்து தடித்தால் அந்த வகை மெஷ் உங்களுக்கு ஒத்துவராது. அவிழ்ப்பதுதான் வழி.

12.02.2025

பின்னல் இருக்கும்போது கவனிப்பது. இதில் எங்கள் ஆட்கள் செய்யும் பிழை ஒன்றே ஒன்று, எண்ணெய். தலை வறண்டால் கை தானாக எண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கும், கழுவும்போது புரதம் போவதைக் குறைக்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் பின்னிய தலையில் வகிடு வகிடாக எண்ணெய் வார்த்தால் அது தோலில்தான் நிற்கும். பொடுகோடு சேர்ந்திருக்கும் மலசேசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்புத்தான் சாப்பாடு. செதில் கூடும், வறட்சி என்று நினைத்து இன்னும் எண்ணெய் விடுவோம், சாம்பல் வளையம் இன்னும் தடிக்கும். விளக்கெண்ணெய் இன்னும் மோசம், பசை மாதிரிப் பஞ்சைப் பிடித்து வைத்திருக்கும். அதை நெற்றியோரத்தில் விரல் நுனியால் ஒரு சொட்டு வைத்தால் போதும்.

வேண்டியது ஈரம். 150 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி கழுவத் தேவையில்லாத லீவ்-இன் கொண்டிஷனர், அரைத் தேக்கரண்டி கிளிசரின். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, சொந்த முடி இருக்கும் மேல் பாதியில் மட்டும் தெளியுங்கள். மெஷுக்கு ஈரம் கொடுத்து ஒரு பயனும் இல்லை, அது நெகிழி. கலவையைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஒரு கிழமைக்கு மேல் வைக்க வேண்டாம்.

கழுவுவது இரண்டு கிழமைக்கு ஒருமுறை. மூக்குள்ள போத்தலில் ஒரு பங்கு ஷாம்பூவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். வகிட்டு வழியே விட்டு விரல் நுனிச் சதையால் தேயுங்கள், நகம் வேண்டாம். பின்னல்களை உச்சியில் குவித்துக் கசக்கக் கூடாது. நுரை தானாக வழிந்து போகிறதே பின்னலுக்குப் போதும். ஷாம்பூ போட்ட நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள். உள்ளே தங்கின ஷாம்பூதான் பிறகு வெள்ளையாக உதிரும், அதைப் பொடுகு என்று நினைப்போம். பழைய பருத்தி ரீ-சேர்ட்டால் பிழிந்து பிழிந்து தண்ணீரை எடுங்கள். பிறகு அடிப்பக்கத்தை ட்ரையரில், மிதமான சூட்டில், இருபது முப்பது நிமிடம். காலையில் கழுவுங்கள், இரவில் வேண்டாம். அடி உலராமல் படுத்தால் மூன்றாம் நாள் ஈரத் துணி நாற்றம் வரும், அந்த நாற்றத்தை எந்த வாசனையும் போக்காது. நனைந்த பின்னலின் பாரமும் வேரைத்தான் இழுக்கும், அதனாலும் நனைந்தபடி கொண்டை போட வேண்டாம்.

இரவுக்கு சாட்டின் தொப்பி. தொப்பி நிற்காத பிள்ளைக்கு சாட்டின் தலையணை உறை. பருத்தி உறை ஈரத்தை உறிஞ்சும், பஞ்சையும் கொடுக்கும்.

12.02.2025, இரவு

சுடுதண்ணீர். பின்னி முடித்ததும் நுனி அவிழாமல் இருக்கக் கொதித்த தண்ணீரில் முக்குவார்கள். கனேகலான் மாதிரியான செயற்கை இழை சூட்டில் இளகி அந்த வடிவத்திலேயே நிற்கும், முறை சரிதான். ஆனால் நனைந்த பின்னல் முதுகில் விழுந்தால் பிள்ளை வெந்துவிடும். தோளிலிருந்து முதுகுவரை தடித்த துவாய், பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும், கேத்தலிலிருந்து நேராக ஊற்றக் கூடாது. பின்னலைக் கதிரையின் பின்னால் எடுத்து, குவளைக்குள் நுனியை மட்டும் முக்கி, துவாயால் பிடித்து எடுக்க வேண்டும். பிள்ளை அசையும் என்றால் இந்த வேலையே வேண்டாம். நுனியில் சின்ன றப்பர் போட்டாலும் நிற்கும்.

15.02.2025

விஷயத்திலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். லாச்சப்பலில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் போபூர் சன்தெனி வீதி அப்படியே தெற்கே இறங்கினால் ஷத்தோ தோ பக்கம், ஆபிரிக்கப் பின்னல் கடைகளிடம் கொண்டுபோய் விடும். நடந்தே போகலாம். அந்தக் கடைகளில் "மெஷ் நத்யுரெல்", அதாவது மனித முடி என்று, செயற்கை மெஷைப் போலப் பல மடங்கு விலைக்குத் தொங்குவதில் கணிசமான பங்கு எங்கள் பக்கத்து முடி. திருப்பதி திருமலையில் மொட்டை போட்டுக் காணிக்கையாகக் கொடுக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. அது வேரும் நுனியும் ஒரே பக்கம் பார்க்க அடுக்கின முடி. இன்னொரு வகை, தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாத்திரத்துக்கு மாற்றாக வாங்கும் சீப்பில் வந்த கழிவு முடி. அதில் வேர் எது நுனி எது என்று கலந்து கிடக்கும். முடியின் மேல் செதில்கள் எதிர் எதிராக உராய்ந்து சீக்கிரம் சிக்கும். விலை குறைவான "மனித முடி" ஒரு மாதத்தில் பாய் மாதிரி ஆவதற்குக் காரணம் இது.

பொக்ஸ் பின்னலுக்கு மனித முடி நல்லதா என்றால், பிள்ளைக்குத் தேவையில்லை. எங்கள் நேர்முடி இந்தச் சுருளில் பிடிக்காது, வழுக்கி இறங்கும். இறங்காமல் இருக்க இறுக்கிப் பின்னுவார்கள். அங்கேதான் திரும்பவும் நெற்றியோரம் போகிறது. கலியாணத்துக்குச் சவுரி வைத்துப் பின்னினவர்களுக்கு இந்த வழுக்கல் தெரியும், அது ஒரு நாள் பாடு. இது ஆறு கிழமை.

16.02.2025

பள்ளிக்கூடத்தில் பின்னல் பற்றிப் பேச்சு வந்தால், இங்கே பிரான்சில் நாடாளுமன்றத்தின் கீழவை 2024 மார்ச் 28இல் முடியின் அமைப்பு, நிறம், நீளம், பாணி காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மசோதாவுக்கு வாக்களித்திருக்கிறது. ஆசிரியரோடு கதைக்கும்போது சொல்லி வைக்கலாம்.

17.02.2025

அவிழ்த்த பிறகு. சிக்கெல்லாம் எடுத்த தலையை எட்டுப் பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தளர்வாகப் பின்னிவிட்டு, பின்னிய நிலையிலேயே ஷாம்பூ போடுங்கள். விரித்துப் போட்டுக் கழுவினால் பழைய கதை. முதல் ஷாம்பூ கறுப்புத் தண்ணீர் தரும், இரண்டாவது தெளிவாக வர வேண்டும். பிறகு தடித்த கொண்டிஷனரை நுனியிலிருந்து பூசி, நெகிழித் தொப்பி போட்டு, மேலே இளஞ்சூடான துவாய் சுற்றி அரை மணித்தியாலம். அலசி, லீவ்-இன், அதன் மேல் சில சொட்டு எண்ணெய், திரும்பவும் தளர்வான பின்னல்.

அடுத்த மெஷுக்கு முன் குறைந்தது இரண்டு கிழமை. உங்கள் பிள்ளைக்கு ஏழு துண்டு வந்திருப்பதால் நான்கு கிழமை விடுங்கள். இந்த இடைவெளியில் நேராக்கும் கிறீம் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அவிழ்த்த தலைத்தோலில் கீறலும் புண்ணும் இருக்கும், அந்தக் காரம் நேராகப் புண்ணில் இறங்கும். 9 வயதுத் தலைக்கு அது எப்போதுமே வேண்டாம்.

19.02.2025, இரவு

பிடரியில் இன்னும் மூன்று கட்டி இருக்கிறது, வெட்டிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டாதீர்கள். தண்ணீர் பட்டு இறுகிப்போன கட்டியும் பெரும்பாலும் திறக்கும், பொறுமைதான் வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு கட்டி மட்டும். கொண்டிஷனரைத் தாராளமாக, ஒரு கட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி, அதோடு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். நெகிழித் தொப்பிக்குள் 30 நிமிடம் விடுங்கள். கட்டிக்கு மேலே, வேர்ப்பக்கம், இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், இழுவை தலைக்குப் போகக் கூடாது. வால் சீப்பின் நுனியைக் கட்டியின் நடுவில் குத்த வேண்டாம். வெளி ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் நாலு முடியைத் தேடி, அதை மட்டும் பக்கவாட்டில் நெகிழ்த்துங்கள். அது வந்தால் அடுத்த நாலு. நடுவில் வாலை வைத்து நெம்பினால் கட்டி இரண்டாகும், இரண்டும் இறுகும்.

ஒரு கட்டிக்கு நாற்பது நிமிடம் போகலாம். பாதியில் பிள்ளை அழுதால் கொண்டிஷனரோடேயே தொப்பியைப் போட்டுவிட்டு விடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம், காயவிட்டால்தான் மோசம். கடைசியில் சுண்டுவிரல் நகமளவு மிஞ்சித் திறக்கவே திறக்காவிட்டால், அப்போது கத்தரிக்கோல்: குறுக்காக வெட்டாமல், முடி போகும் திசையிலேயே கட்டியை நெடுக்காக ஒரு கீறு கீறி, திரும்பவும் விரலால் பிரியுங்கள். முழு நீளமும் போகாது, சில முடிதான் போகும்.